டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பக்க நீளமும் வரி இடைவெளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்பன் நகல் வேண்டிய இடங்களில், அதாவது பில், டெலிவரி சலான், லாரி ஆபீஸ் பில்டி, சம்பளப் பட்டியல் போன்றவற்றுக்கு, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கீழே உள்ளவை எப்சனின் இஎஸ்சி/பி கட்டளைமுறைக்கு உரியவை. எப்சன் எல்எக்ஸ், எஃப்எக்ஸ், எல்க்யூ வரிசைகளுக்கும், எப்சன் எமுலேஷனில் (எப்சனைப் போலவே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் செட்டிங்கில்) வைத்த டிவிஎஸ் எம்எஸ்பி போன்றவற்றுக்கும் பொருந்தும். கட்டளைகளைப் பதின்ம எண்ணிலேயே கொடுத்திருக்கிறோம். ஒவ்வோர் எண்ணும் பிரிண்டருக்குப் போகும் ஒரு பைட். 27 என்பது எஸ்கேப், அடுத்து வருவது கட்டளை என்று சொல்லும் பைட்.

முதல் பில் சரியாக விழுகிறது. போகப் போக இடம் மாறிவிடுகிறது. என்ன காரணம்?

பேப்பரில் இருக்கும் கிழிப்புக் கோடு பிரிண்டருக்குத் தெரியாது. பேப்பர் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். பக்கத்தின் தலை என்று ஒரு இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து எவ்வளவு தூரம் தள்ளினோம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கும் கையில் இருக்கும் பேப்பரும் ஒத்துப்போகாதபோது எழுத்து நகரும்.

எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். பக்கத்துக்குப் பக்கம் எழுத்து மேலே ஏறினால் பிரிண்டர் நினைக்கும் பக்கம் பேப்பரைவிடச் சிறியது. கீழே இறங்கினால் பெரியது. நம் ஊரில் அதிகம் நடப்பது முதல் வகை. பிரிண்டர் 11 அங்குலத்தில், அதாவது 66 வரியில் இருக்கும். கடையில் வாங்கிய 10×12 அல்லது 15×12 பேப்பரோ 12 அங்குலம், 72 வரி. ஆகவே ஒவ்வொரு பக்கமும் சரியாக ஓர் அங்குலம் மேலே ஏறிக்கொண்டே போகும்.

சில பில்களில் மட்டும் ஒரே ஒரு வரி இறங்கினால் பக்க நீளத்தைத் தொடாதீர்கள். அந்தப் பில்லில் எங்கோ ஒரு நீளமான பெயர் அகலத்தைத் தாண்டி அடுத்த வரிக்கு மடங்கியிருக்கும். ஒழுங்கில்லாமல் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் அது கட்டளைக் கோளாறே அல்ல, பேப்பர் இழுபடும் கோளாறு. அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

பக்க நீளத்தை எப்படிச் சொல்வது?

இரண்டு வழி. வரிக்கணக்கில் என்றால் 27 67 போட்டு வரி எண்ணிக்கை. அங்குலக்கணக்கில் என்றால் 27 67 0 போட்டு அங்குலம். வரியில் 127 வரையும், அங்குலத்தில் 22 வரையும் போகலாம். அங்குல வழியில் முழு எண் மட்டுமே எடுக்கும் என்பதால் ஐந்தரை அங்குலப் பில்லுக்கு அது உதவாது.

கன்டினியூவஸ் பேப்பரின் ஓரத்துளைகள் அரை அங்குலத்துக்கு ஒன்று. அங்குலத்துக்கு 6 வரி என்ற வழக்கமான இடைவெளியில் ஒரு துளைக்கு 3 வரி. அளவுகோல் இல்லாவிட்டால் துளையை எண்ணி மூன்றால் பெருக்கினால் போதும். 4 அங்குலம் 24 வரி, ஐந்தரை அங்குலம் 33, 6 அங்குலம் 36, 11 அங்குலம் 66, 12 அங்குலம் 72.

பழைய மாடல்களில் 11, 12 அங்குலத்துக்கு டிப் சுவிட்ச் (செட்டிங் மாற்றும் சிறு சுவிட்ச்) உண்டு. பிரிண்டரை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும், திரும்பப் போடும்போதுதான் அது படிக்கப்படும். புதியவற்றில் முன் பட்டன்களை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் செட்டிங் பட்டியலைப் பேப்பரிலேயே அச்சிட்டுக் கேட்கும். ஒரே அளவு பேப்பர்தான் எப்போதும் என்றால் அங்கே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு மூன்று அளவு புழங்கும் இடத்தில் ப்ரோகிராமே ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும்.

36 வரி என்று சொன்னேன். கேட்கவில்லை. போதாததற்கு மேல் மூலையில் "6" என்று தனியாக ஓர் எழுத்து விழுகிறது.

எண்ணை எழுத்தாக அனுப்பியிருக்கிறீர்கள். பிரிண்டர் எதிர்பார்ப்பது 36 என்ற மதிப்புள்ள ஒரே பைட். ப்ரோகிராமில் மேற்கோள் குறிக்குள் 36 என்று எழுதினால் போவது இரண்டு பைட்: "3" என்ற எழுத்தின் மதிப்பு 51, "6" என்ற எழுத்தின் மதிப்பு 54. பிரிண்டர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தை 51 வரியாக்கும். மிஞ்சிய 6 அச்சாகும். பேசிக், ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் எதுவானாலும் சிஎச்ஆர்(36) என்றுதான் (பேசிக்கில் சிஎச்ஆர்$(36)) கொடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பாருங்கள். எப்சனின் பல மாடல்களில் லைன் ஃபீடு, லோடு/எஜெக்ட் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஆன் செய்ய வேண்டும். பிறகு ஒரு பில் அனுப்பினால், வந்த பைட் ஒவ்வொன்றையும் பதினாறடிமான எண்ணாக அச்சிடும். சரியாகப் போயிருந்தால் 1பி 43 24 என்று இருக்கும். தவறாகப் போயிருந்தால் 1பி 43 33 36. மணிக்கணக்கில் ப்ரோகிராமைப் புரட்டுவதைவிட இந்த ஒரு தாள் மேல்.

டிபேஸ் III பிளஸ் என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் இன்னொரு தொல்லை: சிஎச்ஆர்(0) பிரிண்டருக்குப் போய்ச் சேராது. ஆகவே அங்குல வழி அங்கே வேலை செய்யாது. வரிக்கணக்கிலேயே கொடுத்துவிடுங்கள்.

கட்டளைகளை எந்த வரிசையில் அனுப்ப வேண்டும்?

வரிசை மாறினால் எல்லாம் மாறும். வரிக்கணக்கில் பக்க நீளம் சொன்னால், அந்த நொடியில் இருக்கும் வரி இடைவெளியால் பெருக்கி அங்குலமாக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு இடைவெளியை மாற்றினாலும் பக்க நீளம் மாறாது. எனவே முதலில் இடைவெளி, அப்புறம் பக்க நீளம். பக்க நீளக் கட்டளை கீழ் ஓரத்தை (பக்கத்தின் அடியில் விடும் வெற்றிடம், 27 78) ரத்து செய்துவிடும் என்பதால் அது அதற்கும் பிறகு.

6 அங்குலப் பில்லுக்கு ஒரு முழு வரிசை: 27 64 (எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர), 27 50 (அங்குலத்துக்கு 6 வரி), 27 67 36 (பக்கம் 36 வரி), 27 79 (கிழிப்புக் கோட்டைத் தாண்டும் வசதி வேண்டாம்), பிறகு பில், கடைசியில் 12 (ஃபார்ம் ஃபீடு, அதாவது அடுத்த பக்கத்தின் தலைக்குத் தள்ளு).

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 27 64, 27 67 இரண்டுமே பேப்பர் அப்போது நிற்கும் இடத்தையே பக்கத்தின் தலையாக எடுத்துக்கொள்ளும். பேப்பர் தலையில் நிற்கும்போது அனுப்பினால் சரி. பாதிப் பில்லில் நிறுத்திவிட்டு அடுத்த பில்லைப் போட்டால் பாதியே தலையாகிவிடும், அதன்பின் வரும் அத்தனையும் கோணல். அதனால் ரத்து செய்த வேலைக்குப் பிறகு பேப்பரைத் தலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்ததை அனுப்ப வேண்டும்.

பக்கம் முடிக்க வெறும் லைன் ஃபீடு எண்ணி அனுப்புகிற ப்ரோகிராம்கள் உண்டு. ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பிழை அடுத்த பில்லுக்கும் தொடரும். ஃபார்ம் ஃபீடு போட்டால் பிழை அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும்.

வரி இடைவெளிக் கட்டளைகள் எவை?

27 48 அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 27 50 ஆறில் ஒரு பங்கு. இந்த இரண்டும் எல்லா மாடலிலும் ஒன்றுதான். 12 அங்குலப் பேப்பரில் எட்டில் ஒன்று வைத்தால் 96 வரி கிடைக்கும்.

நுணுக்கமாக வேண்டும் என்றால் 27 51 ஓர் எண், அல்லது 27 65 ஓர் எண். இங்கேதான் மாடலுக்கு மாடல் கணக்கு வேறு. 9 பின் (எழுத்தைக் குத்தும் ஊசி) ஹெட் உள்ள எல்எக்ஸ், எஃப்எக்ஸ் பிரிண்டரில் 27 51 அங்குலத்தின் 216இல் ஒரு பங்கையும், 27 65 அங்குலத்தின் 72இல் ஒரு பங்கையும் அலகாகக் கொள்ளும். 24 பின் உள்ள எல்க்யூவில் முறையே 180, 60. 27 49 என்பது 72இல் 7 பங்கு, 9 பின்னில் மட்டும்.

பழைய எல்எக்ஸுக்குப் பதில் எல்க்யூ வாங்கினோம். அதே ப்ரோகிராம், பில் மட்டும் நீண்டுவிட்டது.

மேலே சொன்ன அலகு வித்தியாசம்தான். 27 51 36 என்பது 9 பின்னில் 36/216, அதாவது ஆறில் ஒன்று. 24 பின்னில் அதுவே 36/180, அதாவது ஐந்தில் ஒன்று. ஐந்து வரிக்கு ஒரு வரி இடம் கூடிவிடும். 36ஐ 30 ஆக்குங்கள். ஆறில் ஒன்றுதான் வேண்டும் என்றால் 27 50 போட்டுவிடுவது புத்திசாலித்தனம், பிரிண்டர் மாறினாலும் கவலையில்லை.

அச்சகத்தில் அடித்த பில்லில் கட்டங்கள் வரி இடைவெளிக்கு ஒத்துவரவில்லை. எப்படிப் பொருத்துவது?

அச்சகம் மில்லிமீட்டரில் யோசிக்கும், பிரிண்டர் அங்குலத்தில் யோசிக்கும். ஒரே கட்டத்தை அளக்காதீர்கள். பத்து கட்டத்தை ஒன்றாக அளந்து பத்தால் வகுங்கள். கிடைத்த மில்லிமீட்டரை 9 பின் என்றால் 8.504ஆலும், 24 பின் என்றால் 7.087ஆலும் பெருக்கி, பக்கத்து முழு எண்ணை 27 51க்குக் கொடுங்கள்.

7 மி.மீ. கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 9 பின்னில் 59.5 வருகிறது, 60 கொடுக்கலாம். 24 பின்னில் 49.6, அதற்கு 50. இரண்டிலும் ஒரு வரி 7.06 மி.மீ. நகரும். 15 கட்டம் தாண்டினால் சேரும் பிழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, எழுத்து கோட்டில் இடிக்காது. 30 கட்டம் என்றால் இடிக்கலாம். அப்போது பாதியில் ஒரு வரிக்கு மட்டும் எண்ணை ஆறு ஏழு குறைத்துச் சரிக்கட்டலாம்.

பொருள் பட்டியலுக்கு மட்டும் இந்த இடைவெளி, தலைப்புக்கும் மொத்தத்துக்கும் 27 50 என்று கலந்து வைக்கலாம். ஆனால் அப்படிக் கலந்தால் பக்கத்தைக் கட்டாயம் ஃபார்ம் ஃபீடு (12) போட்டுத்தான் முடிக்க வேண்டும். புதிதாக அடிக்கப் போகிறீர்கள் என்றால் கட்டத்தை 8.47 மி.மீ., அதாவது இரண்டு வரி உயரத்துக்கு வைக்கும்படி அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். இந்தத் தலைவலியே வராது.

ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி வருகிறது. அல்லது எல்லாம் ஒரே வரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கிறது.

ஆட்டோ லைன் ஃபீடு செட்டிங். கணினி 13 (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு), 10 (ஒரு வரி தள்ளு) இரண்டையும் அனுப்பும்போது பிரிண்டரில் ஆட்டோ லைன் ஃபீடு ஆனில் இருந்தால் இரட்டை இடைவெளி. கணினி 13 மட்டும் அனுப்பும்போது ஆஃபில் இருந்தால் ஒரே வரியில் கருமை. டாஸ், விண்டோஸ் ப்ரோகிராம்கள் இரண்டையும் அனுப்பும் என்பதால் ஆஃபில் வைப்பதே வழக்கம்.

பக்கத்தின் நடுவில் திடீரென்று ஓர் அங்குலம் காலியாக விடுகிறது.

கிழிப்புக் கோட்டைத் தாண்டும் வசதி ஆனில் இருக்கிறது. பக்கத்தின் கடைசி ஓர் அங்குலத்தை எட்டியதும் பிரிண்டர் தானாக அடுத்த பக்கத்தின் தலைக்குத் தாவும். 66 வரிப் பக்கத்தில் 60 வரிதான் விழும். ப்ரோகிராமோ தானும் 66 எண்ணிக்கொண்டிருக்கும். இருவரும் தனித்தனியாகப் பக்கம் திருப்பினால் இப்படித்தான் ஆகும். யாராவது ஒருவர்தான் எண்ண வேண்டும். பில்லுக்கு 27 79 போட்டு அணைத்துவிடுங்கள். பக்கம் பிரிக்கத் தெரியாத நீண்ட பட்டியலுக்கு மட்டும் 27 78 6 போட்டு ஆறு வரி விடச் சொல்லலாம்.

இடது, வலது ஓரம்?

27 108 போட்டு எண், இடது ஓரம். 27 81 போட்டு எண், வலது ஓரம். எண் என்பது அப்போதைய எழுத்தகலத்தில் எத்தனை எழுத்து என்பது. எழுத்தகலத்தை முதலில் முடிவு செய்யுங்கள்: 27 80 அங்குலத்துக்கு 10 எழுத்து, 27 77 போட்டால் 12. இடது ஓரம் 5 என்பது 10 எழுத்து அகலத்தில் அரை அங்குலம். 15 போட்டு எழுத்தைச் சுருக்கியபின் அதே 5 சொன்னால் அங்குலத்தில் 0.29 மட்டும்தான். ஓரக் கட்டளையை வரியின் தொடக்கத்தில் அனுப்ப வேண்டும்.

உண்மையைச் சொன்னால், கன்டினியூவஸ் பேப்பரில் இடது ஓரத்துக்குக் கட்டளையே தேவையில்லை. ட்ராக்டர் (ஓரத்துளைகளில் மாட்டிப் பேப்பரை இழுக்கும் பகுதி) பூட்டைத் தளர்த்தி, பேப்பரோடு சேர்த்து நகர்த்திப் பூட்டிவிட்டால் முடிந்தது.

ஒரு வரியில் எத்தனை எழுத்து பிடிக்கும்?

80 காலம் (வரிக்கு 80 எழுத்து) பிரிண்டரில் எட்டு அங்குலம். 10 எழுத்து அகலத்தில் 80, 12இல் 96, சுருக்கத்தில் 137. 136 காலம் பிரிண்டரில் சுருக்கினால் 233. சுருக்கத்தை 18 போட்டு நீக்கலாம்.

14 போட்டு இரட்டை அகலம் அடிக்கும்போது ஒவ்வோர் எழுத்தும் இரண்டு இடம் பிடிக்கும். 45 எழுத்துள்ள கடைப் பெயர் 90 இடம் கேட்கும், மடங்கிவிடும், பில் முழுவதும் ஒரு வரி இறங்கும். வாடிக்கையாளர் பெயர், முகவரி, பொருள் பெயர் இவற்றை ப்ரோகிராமிலேயே வெட்டிவிடுங்கள்.

ஜிடபிள்யூ-பேசிக்கில் எழுதியது 80 எழுத்தில் தானாக மடங்கினால் குற்றம் பிரிண்டர்மேல் இல்லை. பேசிக்கே நடுவில் வரி முடிக்கிறது. விட்த் கட்டளையில் எல்பிடி1க்கு (பிரிண்டர் போர்ட்) 255 கொடுத்தால் அது நிற்கும்.

விண்டோஸிலிருந்து அடிக்கும்போது 10×6 அளவு பட்டியலிலேயே இல்லை.

டிரைவர் வழியாக அடிக்கும்போது மேலே சொன்ன கட்டளைகளை டிரைவரே அனுப்புகிறது, நீங்கள் பேப்பர் அளவை மட்டும் சொல்ல வேண்டும். கண்ட்ரோல் பேனலில் டிவைசஸ் அண்டு பிரிண்டர்ஸ் போய், பிரிண்டரை ஒருமுறை கிளிக் செய்து, மேலே வரும் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். ஃபார்ம்ஸ் தாவலில் புதிய ஃபார்ம் உருவாக்கி அகலம், உயரம் கொடுத்துச் சேமிக்கவும். அட்மின் உரிமை தேவை. பிறகு பிரிண்டரின் ப்ரிஃபரன்ஸஸிலும், அடிக்கும் மென்பொருளிலும் அந்த ஃபார்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதில் ஏ4 என்று விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஏ4 11.69 அங்குலம், எந்தத் துளைக்கணக்கிலும் அடங்காது.

டெக்ஸ்ட் ஃபைலைக் கட்டளைகளோடு அப்படியே அனுப்ப முடியுமா?

நோட்பேடில் திறந்து அடித்தால் முடியாது, கட்டளை பைட்டுகள் குப்பை எழுத்தாக வரும். பிரிண்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்து, கமாண்ட் பிராம்ப்டில் காப்பி கட்டளையை /பி சேர்த்து அந்த ஷேருக்கு அனுப்புங்கள். பழைய டாஸ் ப்ரோகிராம் எல்பிடி1க்கு மட்டுமே அனுப்பும் என்றால் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1ஐ அந்த ஷேரோடு இணைக்கலாம், யூஎஸ்பி பிரிண்டரும் வேலை செய்யும். /பி விட்டுப்போனால் ஃபைலில் 26 என்ற பைட் வரும் இடத்தோடு நின்றுவிடும்.

கட்டளை எல்லாம் சரி. ஆனாலும் வரிகள் நெருங்குகின்றன, ஒட்டிக்கொள்கின்றன.

முதலில் பக்கவாட்டு லீவரைப் பாருங்கள். தனித்தாளுக்கு ரோலர் அழுத்த வேண்டும், துளைப் பேப்பருக்கு அழுத்தக்கூடாது. துளைப் பேப்பர் போட்டுவிட்டு லீவர் தனித்தாள் பக்கம் இருந்தால் ரோலர் ஒரு பக்கமும் ட்ராக்டர் ஒரு பக்கமும் இழுக்கும். துளைகள் நீள்வட்டமாகக் கிழிந்திருந்தால் இதுதான்.

அடுத்தது பேப்பர் கட்டு. பிரிண்டருக்கு நேர் பின்னால், கீழே, தடையில்லாமல் ஏறிவர வேண்டும். மேசை விளிம்பிலோ கேபிளிலோ உரசினால் உரசும் நேரத்தில் மட்டும் வரி நெருங்கும். இரண்டு ட்ராக்டருக்கும் நடுவில் பேப்பர் தொய்வில்லாமல், அதேசமயம் விறைப்பாக இழுபடாமல் இருக்க வேண்டும். மூன்று நான்கு நகல் பேப்பருக்குத் தடிமன் லீவரையும் நகர்த்த மறக்க வேண்டாம்.

பிரிண்டர் ஆனில் இருக்கும்போது குமிழைக் கையால் திருகக்கூடாது. நீங்கள் திருகியது அதன் கணக்கில் ஏறாது, தலை இடம் மாறிவிடும். பட்டனால் நகர்த்துங்கள். எப்சனில் பாஸ் (அச்சை நிறுத்தி வைக்கும்) பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னும். அப்போது லைன் ஃபீடும் லோடும் பேப்பரை நூலிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தும். லேபிள் ஷீட்டைப் பின்னோக்கி நகர்த்த வேண்டாம், லேபிள் உரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் ரோலரைக் கழற்ற வேண்டிவரும்.

கட்டம் போடும் செங்குத்துக் கோடுகள் விட்டுவிட்டு வருகின்றன.

9 பின் ஹெட்டின் உயரம் அங்குலத்தில் எட்டில் ஒன்றுதான். ஆறில் ஒன்று இடைவெளியில் நடுவே 72இல் 3 பங்கு வெள்ளையாக நிற்கும். 27 48 போட்டால் சேரும். கோட்டுக்குப் பதில் சாய்வெழுத்து வந்தால் 27 116 1 போட்டு கிராஃபிக்ஸ் எழுத்துத் தொகுதிக்கு மாற்றுங்கள். கோடு வரிக்கு வரி இடவலமாக ஆடினால் 27 85 1 போட்டு ஒரே திசையில் அடிக்க வைக்கலாம். வேகம் குறையும்.

பிரிண்டர் ஐபிஎம் மோடில் (எப்சனுக்குப் பதில் ஐபிஎம் கட்டளைமுறையில்) இருந்தால்?

பாதிக் கட்டளை ஒன்றுதான், மீதிதான் குழப்பும். 27 65 இடைவெளியைக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும், பிறகு 27 50 அனுப்பினால்தான் நடைமுறைக்கு வரும். ஓரத்துக்கு 27 108 கிடையாது, 27 88 போட்டு இடது, வலது இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு கட்டாயம் இல்லை என்றால் எப்சன் மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

தமிழில் பில் அடித்தால் இந்தக் கட்டளைகள் செல்லுமா?

செல்லாது. பிரிண்டரின் உள்ளெழுத்தில் தமிழ் இல்லாததால் டிரைவர் பக்கத்தைப் படமாக்கிப் பட்டை பட்டையாக அனுப்புகிறது. இடைவெளியை மென்பொருளின் எழுத்துரு அமைப்பில்தான் மாற்ற வேண்டும், பக்க நீளத்தை விண்டோஸ் ஃபார்மில். ஆங்கில டெக்ஸ்டைவிட நேரமும் ரிப்பனும் அதிகம் போகும். டாலியில் டாட் மேட்ரிக்ஸ் ஃபார்மட்டுக்கும் நீட் மோடுக்கும் உள்ள வேக வித்தியாசமும் இதே காரணத்தால்தான்.

அச்சடித்த பில்லை வீணாக்காமல் சோதிப்பது எப்படி?

அதே உயரமுள்ள வெள்ளை கன்டினியூவஸ் பேப்பரில் குறைந்தது ஐந்து பக்கம் தொடர்ந்து அடியுங்கள். ஒரு பக்கத்தில் தெரியாத நகர்வு ஐந்தாவதில் தெரியும். பிறகு அதைப் பில் ஃபார்மோடு துளைக்குத் துளை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லா வரியும் ஒரே அளவு தள்ளியிருந்தால் பேப்பரின் தலையை நகர்த்தினால் போதும். கீழே போகப் போகத் தள்ளினால் 27 51இன் எண்ணைத் திருத்துங்கள்.